வாங்கியும் காக்க முடியாத கப்பல்: ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ ஏன் கடலடிக்குப் போகிறது?

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், டெலவேர் ஆற்றங்கரையில் 1996 முதல் கட்டிப்போடப்பட்டிருந்த ‘எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்னும் பயணிகள் கப்பல், 2025 பிப்ரவரி 19 அன்று இழுவைப் படகுகளின் துணையோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டு, மார்ச் தொடக்கத்தில் அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுகத்தை அடைந்தது. இதையொட்டி வந்த செய்திகள் பலரைக் குழப்பியுள்ளன. கப்பல் உடைப்புத் தளத்திலிருந்து தப்பிவிட்டது என்று ஒருபுறம் சொல்கிறார்கள். அதே கப்பலைக் கடலில் மூழ்கடிக்கப் போகிறார்கள் என்று மறுபுறம் சொல்கிறார்கள். காப்பாற்றிய கப்பலை ஏன் மூழ்கடிக்க வேண்டும்? அதைக் காக்கவென்றே உருவான அமைப்பு ஏன் இதற்கு ஒப்புக்கொண்டது?

இந்தக் கப்பலை வாங்குவதற்குப் பணம் கிடைத்தது. நிறுத்தி வைப்பதற்கு நிலையான இடம்தான் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள, இது எப்படிப்பட்ட கப்பல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லைனர் வேறு, உல்லாசக் கப்பல் வேறு

குறித்த இரண்டு துறைமுகங்களுக்கிடையே கால அட்டவணைப்படி பயணிகளைக் கொண்டுசேர்க்கும் கப்பலுக்கு லைனர் என்று பெயர். அதன் வேலை போக்குவரத்து. வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயலிலும் சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும் என்பதால், கூரிய முகப்பு, நீருக்குள் ஆழமாக இறங்கும் உடல், மிகுந்த ஆற்றல் கொண்ட எந்திரங்கள் ஆகியவற்றோடு அது கட்டப்படும். இன்று விளம்பரங்களில் நாம் காணும் உல்லாசக் கப்பலுக்கு அவசரம் கிடையாது. பயணமே அதன் சரக்கு என்பதால், அதில் வேகத்தைவிட அறைகளின் எண்ணிக்கைக்கும் பால்கனிகளுக்கும் நீச்சல் குளங்களுக்கும்தான் முதலிடம்.

பழைய லைனரை உல்லாசக் கப்பலாக மாற்றிவிடலாம் என்று சொல்வது எளிது. வேகத்துக்காக ஒடுங்கிய உடலையும், சன்னல் இல்லாத உள்ளறைகளையும், எரிபொருளை அள்ளிக் குடிக்கும் நீராவி எந்திரங்களையும் மாற்றப் புகுந்தால், அது ஏறத்தாழப் புதிய கப்பல் கட்டும் செலவில் போய் நிற்கும். இந்தக் கப்பலை வாங்கிய ஒவ்வொருவரும் இந்தக் கணக்கில்தான் முட்டிக்கொண்டார்கள்.

எதற்காக அவ்வளவு வேகம்?

வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ் என்ற வடிவமைப்பாளரின் வாழ்நாள் கனவு இந்தக் கப்பல். வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் 1950-இல் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 7.8 கோடி டாலர் ஆன மொத்தச் செலவில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 5 கோடி டாலரை, அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது. தனியார் நிறுவனம் ஓட்டும் பயணிகள் கப்பலுக்கு அரசு ஏன் இப்படி வாரி வழங்க வேண்டும்? போர் மூண்டால் இதைப் படைவீரர் கப்பலாக மாற்றி, ஏறத்தாழ 15,000 பேரை நடுவழியில் எரிபொருள் நிரப்பாமல் கடல் கடத்த வேண்டும் என்பதே காரணம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ‘குயின் மேரி’, ‘குயின் எலிசபெத்’ இரண்டும் படைகளை ஏற்றிச் சென்றதைக் கண்ட அமெரிக்கா, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எண்ணியது. பனிப்போர்க் காலம் அது. கப்பலின் எந்திர ஆற்றலும் நீருக்கடியில் உடலின் வடிவமும் பல ஆண்டுகள் இராணுவ இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன.

1952 ஜூலை 3 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய முதல் பயணத்திலேயே, அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. 1938-இல் ‘குயின் மேரி’ ஏற்படுத்திய சாதனையைவிட இது 10 மணி நேரம் குறைவு. சராசரி வேகம் 35.59 நாட், அதாவது மணிக்கு 66 கிலோமீட்டரை ஒட்டியது. சோதனை ஓட்டத்தில் 38 நாட்டையும் தாண்டியிருந்தது என்பது பின்னாளில்தான் வெளிவந்தது. 302 மீட்டர் நீளமும் 53,330 டன் மொத்தக் கொள்ளளவும் கொண்ட உருவம் இந்த வேகத்தில் போனது என்பதை இன்றைய பொறியாளர்களும் மதிப்போடு பேசுகிறார்கள். மேற்கு நோக்கிய கடப்பில் அது வைத்த சாதனையை அதற்குப் பின் எந்தப் பயணிகள் லைனரும் முறியடிக்கவில்லை.

இந்த வேகத்துக்கு வழிசெய்தவற்றுள் ஒன்று அலுமினியம். உடல் எஃகாக இருக்க, மேல்தளக் கட்டுமானம் முழுவதையும் கிப்ஸ் அலுமினியத்தில் கட்டினார், எடை குறைந்தது. கப்பலின் அமைப்பைத் தீர்மானித்த இன்னொன்று, தீயைக் குறித்த அவருடைய அச்சம். 1934-இல் நியூஜெர்சி கரையோரம் ‘மோரோ காசில்’ கப்பல் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும், 1942-இல் ‘நார்மண்டி’ நியூயார்க் துறையிலேயே எரிந்து கவிழ்ந்ததும் அவர் காலத்தில் நடந்தவை. ஆகவே தம் கப்பலில் மரத்தை ஏறத்தாழ முற்றிலும் விலக்கினார். நாற்காலி அலுமினியம், திரைச்சீலை கண்ணாடி இழை. இறைச்சி வெட்டும் கட்டைகளும் பியானோக்களும்தாம் கப்பலில் இருந்த குறிப்பிடத்தக்க மரச்சாமான்கள். சுவர்களுக்கும் குழாய்களுக்கும் தீத்தடுப்பாக அவர் கையாண்ட பொருள் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். உயிர்களைக் காக்க வைத்த அந்தப் பொருளே பின்னால் கப்பலின் உட்புறம் முழுவதும் பறிபோகக் காரணமாயிற்று.

வேலை போனது

1958 அக்டோபரில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 ஜெட் விமானம் நியூயார்க்–பாரிஸ் சேவையைத் தொடங்கியது. மூன்றரை நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிய பிறகு, உலகிலேயே வேகமான கப்பல் என்ற பெயருக்கு வணிக மதிப்பு இல்லாமல் போனது. அரசு மானியத்தில் மேலும் பத்தாண்டு தள்ளிய கப்பல், 1969 நவம்பரில் நிறுத்தப்பட்டது. படைவீரர் கப்பலாக ஒருமுறைகூடப் பயன்படவில்லை.

கை மாறிய வரலாறு

நின்றுபோன கப்பலுக்கு நேர்ந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், எந்த இடத்தில் நிலைமை கைநழுவியது என்பது தெரியும்.

1. 1973-இல் அரசின் கடல்சார் நிர்வாகம் கப்பலை எடுத்துக்கொண்டது. 1978-இல் சியாட்டிலைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் உல்லாசக் கப்பலாக மாற்றும் எண்ணத்தோடு வாங்கினார். பணம் திரளவில்லை.

2. 1984-இல், கடனை அடைக்க, உள்ளே இருந்த சாமான்கள் ஏலம் விடப்பட்டன. பீங்கான், நாற்காலி, மதுக்கூடம், ஓவியத் தகடுகள் என எல்லாம் சிதறிப் போயின. பெரும்பகுதி வட கரோலினாவின் நாக்ஸ் ஹெட் ஊரிலிருந்த ஓர் உணவகத்துக்குச் சென்றது.

3. 1992-இல் 26 இலட்சம் டாலருக்கு இன்னொரு ஏலத்தில் விலைபோய், துருக்கிக்கு இழுத்துச் செல்லப்பட்டது. பின்னர் உக்ரைனின் செவஸ்தபோல் துறையில் கல்நார் முழுவதும் அகற்றப்பட்டது. 1996-இல் ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்பியது.

4. 2003-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் வாங்கியது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளைக் கொண்டுசெல்லும் கப்பல், அமெரிக்காவில் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமை இந்தக் கப்பலுக்கு இருந்ததே நிறுவனத்தின் ஆர்வத்துக்கு அடிப்படை. அதுவும் நடக்கவில்லை. 2010-இல் உடைப்புக்கு விலை கேட்கத் தொடங்கினார்கள்.

5. 2011 பிப்ரவரியில், ‘எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் கன்சர்வன்சி’ என்ற தன்னார்வ அமைப்பு 30 இலட்சம் டாலருக்குக் கப்பலை வாங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் கொடையாளர் ஜெரி லென்ஃபெஸ்ட் அறிவித்த 58 இலட்சம் டாலர் நன்கொடைதான் அதைச் சாத்தியமாக்கியது. வடிவமைப்பாளரின் பேத்தியான சூசன் கிப்ஸ் அமைப்பின் தலைவராக இருந்தார்.

இவற்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கல்நார் அகற்றப்பட்டதைப் பலர் நல்ல செய்தியாகவே சொல்வதுண்டு. பாதி உண்மைதான், கோடிக்கணக்கான டாலர் செலவு பிடிக்கும் ஒரு தடை அதனால் நீங்கியது. ஆனால் கல்நாரை எடுக்க வேண்டுமென்றால் சுவர்த் தகடு, கூரை, தளவிரிப்பு எல்லாவற்றையும் பெயர்த்தாக வேண்டும். பெயர்த்த பிறகு எஞ்சியது வெறும் கூடு. சாமான்கள் ஏற்கெனவே ஏலத்தில் போயிருந்தன. ஆகவே 2011-இல் கன்சர்வன்சியின் கைக்கு வந்த கப்பலில், முதல் வகுப்பு உணவுக்கூடம் இருந்த இடத்தில் காலியான இரும்புத் தளமும், உரிந்து தொங்கும் பெயின்ட்டும், பெயர்த்த சுவர்களின் தடமுமே இருந்தன. பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பார்வையாளருக்குத் திறந்துவிடுவதும், வெறும் கூட்டுக்குள் ஒரு கட்டடத்தையே புதிதாகக் கட்டுவதும் ஒரே செலவில் முடிகிற காரியங்களாகா.

1999-இலேயே தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட கப்பல் இது. அப்படியிருக்க எப்படி உடைக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பதிவேடு ஒரு சொத்தின் வரலாற்று மதிப்பை அங்கீகரிக்கிறது; கூட்டரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் பணிகளில் அம்மதிப்பைக் கருத்தில் கொள்ளச் செய்கிறது. தனியார் உரிமையாளர் தம் பணத்தில் தம் பொருளை உடைப்பதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

உரிமை வேறு, இடம் வேறு

வரலாற்றுச் சிறப்புள்ள வீட்டை வாங்கினால் அதனடியிலுள்ள நிலமும் சேர்ந்தே வருகிறது. பூட்டி வைத்துவிட்டு நல்ல காலம் வரக் காத்திருக்கலாம். கப்பலுக்கு அந்த வசதி இல்லை. வாங்கிய நொடியிலிருந்து நாள் தவறாமல் துறை வாடகை, காப்பீடு, காவல், கட்டுக்கயிறுகளின் பராமரிப்பு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். 2015-இல் மாதச் செலவு 60,000 டாலர் அளவில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், இனித் தாங்காது, உடைப்பாளர்களிடம் பேச வேண்டியிருக்கும் என்று கன்சர்வன்சி வெளிப்படையாகவே அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் நன்கொடையாக வந்து சேர்ந்த 6 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை, கப்பலைக் காத்த தொகை என்று சொல்வதைவிடச் சில மாத வாடகை என்று சொல்வதே பொருந்தும்.

2016-இல் கிரிஸ்டல் குரூஸ் நிறுவனம் கப்பலை மீண்டும் கடலில் ஓட்டப் போவதாக அறிவித்து, ஆறே மாதத்தில் பின்வாங்கியது. உடல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் நடப்புப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றியமைப்பது கட்டுப்படியாகாது என்று ஆய்வு காட்டியது. 2018-இல் ஆர்.எக்ஸ்.ஆர். என்ற கட்டட வணிக நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. ஏதாவது ஒரு நகரின் கரையில் நிரந்தரமாக நிறுத்தி, விடுதியும் அருங்காட்சியகமுமாக நடத்துவது திட்டம். வரைபடங்கள் வந்தன, துறையைத் தர எந்த நகரமும் முன்வரவில்லை.

இந்த நிலையில்தான் வாடகை வழக்கு வந்தது. கப்பல் நின்றிருந்த 82-ஆம் எண் இறங்குதுறை, தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஐகியா கடைக்கு நேரெதிரே இருக்கிறது. கடையில் அலமாரி வாங்க வந்தவர்கள் பலர் கப்பலை அங்கிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். துறையை நடத்திவந்த பென் வேர்ஹவுசிங் நிறுவனம், 2021-இல் நாள் வாடகையை 850 டாலரிலிருந்து 1,700 டாலராக உயர்த்தியது. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 3,10,000 டாலராக இருந்த வாடகை 6,20,000 டாலராகிறது. கன்சர்வன்சி மறுத்தது, வழக்கு கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூன் 14 அன்று நீதிபதி அனிதா பிரோடி அளித்த தீர்ப்பு இரு முனையும் கொண்டது:

1. உயர்த்திய வாடகையின் நிலுவையைக் கன்சர்வன்சி கட்ட வேண்டியதில்லை.

2. ஆனால், உரிய அவகாசம் தந்து துறையை விட்டுக் கிளம்பச் சொல்லும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. செப்டம்பர் 12-க்குள் கப்பல் வெளியேற வேண்டும்.

பணத்தில் வென்று இடத்தில் தோற்ற வழக்கு இது. 302 மீட்டர் நீளமுள்ள, சொந்த எந்திரத்தால் நகர முடியாத கப்பலுக்குத் தொண்ணூறே நாளில் வேறு துறை தேட வேண்டும். அவ்வளவு நீளமும் ஆழமும் உள்ள வெற்றுத் துறைகள் கிழக்குக் கரையில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கன்சர்வன்சி தேடியும் ஒன்று அமையவில்லை. மீதமிருந்த வழிகள் இரண்டே: உடைப்பு, அல்லது கடலடி.

உடைத்தால் என்ன ஆகும்?

பழைய லைனர்களின் கடைசி முகவரி பெரும்பாலும் நம் நாட்டின் குஜராத் கரையிலுள்ள ஆலங்தான். இந்தக் கப்பலுக்கு ஒத்த தகுதி உடைய பிரெஞ்சு லைனர் ‘ஃபிரான்ஸ்’ (பிற்காலத்தில் ‘நார்வே’), 2003-இல் மயாமியில் கொதிகலன் வெடித்த பின் தொழிலிழந்து, ‘புளூ லேடி’ என்ற பெயரில் 2006-இல் ஆலங் வந்தது. அதிலிருந்த கல்நாரால் தொழிலாளர் நுரையீரல் பாதிக்கப்படும் என்று வழக்கு நடந்து, 2007-இல் உச்ச நீதிமன்றம் உடைப்பதற்கு அனுமதித்தது. பாதுகாப்பான கப்பல் மறுசுழற்சிக்கான ஹாங்காங் உடன்படிக்கை 2009-இல் ஏற்கப்பட்டும் 2025 ஜூன் 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதிலிருந்து, கடற்கரை மணலில் வேலை செய்தவர்கள் எவ்வளவு காலம் உலகளாவிய கட்டாய விதிகளின்றி விடப்பட்டார்கள் என்பதை உணரலாம்.

‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கப்பலில் கல்நார் இல்லாவிட்டாலும், பழைய மின்கம்பி உறைகளிலும் பெயின்ட்டிலும் பி.சி.பி. எனப்படும் நச்சுச் சேர்மங்கள் இருந்தன. அவை கொண்ட கப்பலை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. உடைத்தால் உள்நாட்டில்தான் உடைக்க வேண்டும். எஃகும் அலுமினியமும் உருக்காலைக்குப் போகும். அடையாளம் காணத்தக்க உருவம் எதுவும் மிஞ்சாது.

செயற்கைப் பாறைத்திட்டு என்றால் என்ன?

மெக்சிகோ வளைகுடாவின் வடகரையோரம் கடலடி பெரும்பாலும் வெறும் மணல். சிப்பி, பஞ்சுயிரி, பவளம் முதலியவை ஒட்டி வளர உறுதியான பரப்பு தேவை. அவை வளர்ந்தால் சிறு மீன்கள் வரும். அவற்றைத் தின்னப் பெருமீன்கள் வரும். மணலில் இயற்கையாக இல்லாத அந்தப் பரப்பை மனிதர் கொண்டுபோய்ப் போடுவதே செயற்கைப் பாறைத்திட்டு. 2006-இல் ‘ஒரிஸ்கனி’ என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஃபுளோரிடாவின் பென்சகோலா அருகே இவ்வாறு மூழ்கடித்தார்கள். அது முக்குளிப்போரின் வருகையைப் பெருக்கியது. அதைவிடப் பெரிய திட்டு தமக்கு வேண்டும் என்பது அண்டைப் பகுதியான ஒக்கலூசா மாவட்ட நிர்வாகத்தின் விருப்பம்.

2024 அக்டோபரில் அந்த நிர்வாகம் 10 இலட்சம் டாலருக்குக் கப்பலை வாங்கியது. இழுத்துவருதல், தூய்மை, மூழ்கடிப்பு, கரையில் அருங்காட்சியகத்துக்கான உதவி எல்லாம் சேர்த்து ஒரு கோடி டாலரைச் சற்றே தாண்டும் திட்டம். மொபீலில் எண்ணெய், பழைய கம்பி, உதிரும் பெயின்ட், மிதக்கும் பொருள் யாவற்றையும் அகற்ற வேண்டும். நேராக அமிழ்வதற்கும் மீன்கள் உள்ளே புகுந்து வெளிவருவதற்கும் ஏற்ற துளைகளை வெட்ட வேண்டும். பிறகு டெஸ்டின்–ஃபோர்ட் வால்டன் பீச் கரையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவில், 180 அடி ஆழத்தில் இறக்குவது என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். மேல்தளம் நீர்மட்டத்துக்குக் கீழே 60 அடி அளவில் இருக்கும். அந்த ஆழம் அடிப்படைப் பயிற்சி பெற்ற முக்குளிப்பவருக்கும் எட்டக்கூடியது.

எதிர்ப்பும் உண்டு. நியூயார்க்கில் கப்பலைக் கரையேற்ற விரும்பியவர்கள் கடைசி நேரம்வரை போராடினார்கள். சூழலியலாளர் சிலர், இத்தகைய திட்டுகள் மீனைப் பெருக்குகின்றனவா, அல்லது ஏற்கெனவே இருக்கும் மீனை ஓரிடத்தில் கூட்டித் தூண்டிலுக்கு எளிதாக்குகின்றனவா என்று நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். நியாயமான கேள்வி, இடத்துக்கும் மீன் இனத்துக்கும் ஏற்ப விடை மாறுகிறது. எனக்கு உறுத்துவது வேறொன்று. மூழ்கடிப்பதைப் ‘பாதுகாப்பு’ என்று அழைக்கக் கூடாது. உப்புநீரில் எஃகோடு ஒட்டிய அலுமினியம் விரைந்து அரிக்கப்படும். கிப்ஸின் பெருமிதமான மேல்தளங்கள்தாம் முதலில் இற்றுப்போகும். உடைப்பதைவிட இது மேலான முடிவு என்று மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு முடிவுதான்.

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன?

‘குயின் மேரி’ 1967 முதல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கிறது, 1972-இல் அங்கே விடுதியாகத் திறக்கப்பட்டது. ‘ராட்டர்டாம்’ அதே பெயருள்ள தன் சொந்த நகரில் 2010 முதல் திறந்திருக்கிறது. ‘க்யூ.ஈ.2’ துபாயில் 2018-இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. இவை இலாபம் கொட்டுவதால் பிழைக்கவில்லை. ‘குயின் மேரி’க்கு 23.5 கோடி முதல் 28.9 கோடி டாலர்வரை பழுதுச் செலவாகும் என்று 2017-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நடத்திய நிறுவனம் நொடித்து, 2021-இல் நகராட்சியே பொறுப்பேற்க நேர்ந்தது. ‘ராட்டர்டாம்’ சீரமைப்பு மதிப்பீட்டைப் பன்மடங்கு தாண்டி அந்நாட்டில் பெரும் சர்ச்சையானது. இருந்தும் அவை நிற்பதற்குக் காரணம், கப்பலுக்குப் பின்னால் ஒரு நகரமோ அரசோ இருந்ததும், நிற்கும் துறையிலிருந்து துரத்த யாரும் இல்லாததும்தான். அதோடு, அவை கைக்கு வந்தபோது கூடங்களும் மரவேலைப்பாடுகளும் பெரும்பாலும் உள்ளேயே இருந்தன. முதல் நாளே காட்டுவதற்கு ஏதோ இருந்தது.

‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கப்பலுக்கு இந்த இரண்டுமே இல்லை. வரிப்பணத்தில் கட்டப்பட்டு நாட்டின் பெயரையே தாங்கிய கப்பலுக்கு, கூட்டரசு 1978-க்குப் பிறகு ஒரு துறைகூட ஒதுக்கித் தரவில்லை என்பதைக் கன்சர்வன்சியின் குறையாகச் சொல்ல இயலாது. பதின்மூன்று ஆண்டு நன்கொடை திரட்டி வாடகை கட்டியவர்கள் அவர்கள்.

இனி நடக்க வேண்டியது கரையில்தான் இருக்கிறது. ஒக்கலூசா மாவட்டத்தில் அமையவுள்ள அருங்காட்சியகத்துக்கென, சிவப்பு, வெள்ளை, நீலம் பூசிய புகைபோக்கியும் ராடார் கம்பமும் கப்பலிலிருந்து கழற்றி எடுக்கத் திட்டமிட்டார்கள். 1984 ஏலத்தில் சிதறிய நாற்காலிகள், பீங்கான்கள், ஓவியத் தகடுகளில் ஒரு பகுதியைக் கன்சர்வன்சி ஏற்கெனவே நன்கொடையாகத் திரும்பப் பெற்று வைத்திருக்கிறது. தனியார் வீடுகளில் இருக்கும் மீதியையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்பதே அவர்களுக்கு எஞ்சியுள்ள பெரிய வேலை.